பரிசிலும் பரிசளிப்போரும்
(நம் சங்கத்து ஆண்டுவிழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று பதக்கம் பெற்ற பிள்ளைகளை வாழ்த்திப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். எனக்கு முன்னர்ப் பேசிய பெரியோர் வாழ்த்தினை நிரம்பக் கூறிவிட்டனர். ஆதலின் பெறுவோரை விடுத்து, தருவோரைப் பற்றிச் சில சொல்லக் கருதினேன். அதற்கு ஜெர்மனி தேசத்து வரலாறொன்று தக்க சான்றாகும்.

பெளதிகம், ரசாயனம், வைத்தியம், இலக்கியம், சமாதானம் ஆகியவற்றிற்கு 1901 முதல் நோபெல் பரிசு வழங்கப்பெற்று வருதல் யாவரும் அறிந்ததே. சமாதானப் பரிசுக்குரியாரைத் தெரிந்தெடுப்பது நார்வே நாட்டுப் பாராளுமன்றம் நியமிக்கும் ஐவர் குழு.

கார்ல் வான் ஒசியட்ஸ்கி என்பார் பெர்லின் நகரத்து வாரப்பத்திரிகை ஒன்றன் ஆசிரியர். உடன்படிக்கைக்கு மாறாக ஜெர்மனி மறைவில் விமானப்படை அமைத்து வருதலை 1929-இல் தம் பத்திரிகையில் வெளியிட்டார். அது தேசத்துரோகமென்று 18 மாதச் சிறை விதித்தனர். 1932 இறுதியில் பொதுமன்னிப்பால் வெளிவந்தார். 1933 பிப்ரவரியில் ஹிட்லர் ஆட்சியார் மீண்டும் பற்றிச் சென்றனர். காவல் முகாமில் அடியுண்டு, காசநோயும் பற்றி, எலும்புந் தோலுமாயினார்.

இவர்க்குப் பரிசளிக்கலாமோ என்று குழுவினர் ஆராய்ந்தபொழுது, அண்டை வல்லரசின் சினத்தை நார்வே அஞ்சியது. குழுவில் இருந்த இருவர், ஒருவர் அந்நாட்டு வெளிநாட்டமைச்சர், மற்றவர் முன்னாள் பிரதமர், விலகிக்கொண்டனர். எஞ்சியோர் 1935-ஆம் ஆண்டுப் பரிசை 1936 நவம்பரில் அவர்க்கே அளித்தனர். மறுத்துவிடுமாறு கோயரிங் என்னும் அமைச்சரே வற்புறுத்தியும், நோயாளி இசைந்திலர், பரிசை ஏற்றார். நேரிற் சென்று பெற விடை கிடைத்திலது. 1938 மே மாதம் 4-ஆம் நாள், 48-ஆம் வயதில், காவலிலேயே உயிர் நீத்தார்.

ஹிட்லர் சினந்து, ஜெர்மானியர் எவரும் இனி நோபெல் பரிசு ஏற்றலாகாதென்று 1937-இல் ஆணையிட்டார். அதற்கு ஈடாகக் கலைக்கும் விஞ்ஞானத்திற்கும் தேசியப் பரிசொன்று நிறுவினார். பரிசு ஒன்றுக்கு 1,00,000 மார்க்! முதலாண்டிற் பெற்றோருள் ஒருவர் அவர் கட்சியின் கொள்கையாசிரியர் ரோசன்பர்க். இரண்டாண்டு நடந்து ஒழிந்த அப்பரிசின் பெயரை இன்று நினைப்பார் யார்?

அவ்வாணையால் விஞ்ஞானிகள் மூவர் இடருற்றனர். அவருள் டோமாக் என்பார் சல்பா மருந்தின் வன்மையைக் கண்டவர். அம்மருந்தால் தம் மகளையே காத்தவர். 1939-இல் பரிசு வந்தது. நன்றிக்கடிதம் எழுதியதற்காகச் சிறைப்பட்டு, மறுப்புக்கடிதத்தில் கையொப்பமிட நேர்ந்தது. 1947-இல் பதக்கமும் பட்டயமும் பெற்றார், பணம் பெற்றிலர்.

இன்னுமொன்று கேண்மின். லாவே, பிராங்க் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானிகள் தம் பொற்பதக்கங்களைக் கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் ஆராய்ச்சிக்கூடத்தில் அடைக்கலமாக வைத்திருந்தனர். 1940 ஏப்ரலில் ஜெர்மன் படை அந்நகரிற் புகுந்தது. நாட்டினின்று பொன்னை வெளியேற்றல் பெருங்குற்றம்; பதக்கத்திலோ பெயர் பொறித்திருந்தது. ஹெவசி என்னும் ரசாயன நிபுணர் பொன்னையுங் கரைக்கும் இராஜதிராவகத்தில் இரண்டனையும் கரைத்துவிட்டார். சோதனையிட்டோர் கண்ணுக்கு அது அலமாரியில் இருந்த வெறும் புட்டி. போர் முடிந்தபின் அப்பொன்னைப் பிரித்தெடுத்து சுவீடனுக்கு அனுப்ப, மீண்டும் பதக்கமாக வார்த்து உரியவர்க்கே அளித்தனர்.

இனி நம் சங்கத்துக்கு வருவோம். ஒசியட்ஸ்கிக்குப் பரிசளித்த மறு ஆண்டே, பதவியிலிருக்கும் அமைச்சர் தேர்வுக் குழுவில் இருத்தலாகாதென்று நார்வேப் பாராளுமன்றம் விதி செய்தது. நம்மிடம் அத்தகைய விதி ஒன்றேனும் இல்லை. இவ்வாண்டுத் தேர்வுக் குழுவில் யானும் ஒருவன். பதக்கம் பெற்ற பிள்ளைகளுள் ஒருவன் என் தமக்கை மகன். அவன் தகுதியுடையவன் என்பதே என் துணிபு. ஆயினும் அதனை நம்புமின் என்று உங்கள்பாற் சொல்ல எனக்கு முகமில்லை. அப்பிள்ளைக்கும் அது குறையே. வரும் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொணர்வேன்: உத்தியோகஸ்தரும் போட்டியிடுவோரின் உறவினரும் குழுவில் இருத்தலாகாது, விடைத்தாள்களைப் பெயர் மறைத்து வெளியூர் ஆசிரியர் இருவர்க்கு அனுப்புதல் வேண்டும். முதலில் நீக்கவேண்டிய பெயர் என்னுடையதே. ஆதரிப்போர் கூட்டம் கலையுமுன் கையொப்பமிடுமாறு வேண்டுகின்றேன். தாள் மேசைமேல் இருக்கின்றது.