"பாஸா, பெயிலா?" என்று மட்டும் கேட்டால் போதுமா?
(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் தோட்டத்துப் பிள்ளைகளும் கெம்பஸ் போகிறார்கள். லீவில் வந்தால் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: "பாஸா, பெயிலா?" ஆனால் அங்கே கணக்கு வேறு. அதை நாமும் தெரிஞ்சு வச்சிருக்க வேணும்.

உயர்தரத்தில் ஒரே பரீட்சை. கெம்பஸில் ஒவ்வொரு அரையாண்டும் பரீட்சை. இடையில் கொடுக்கும் ஒப்படைகளுக்கும் புள்ளி உண்டு. எல்லாம் சேர்த்துத்தான் தரம் போடுவார்கள். ஏ என்றால் 4, பி என்றால் 3, சி என்றால் 2.

எல்லாப் பாடத்துக்கும் ஒரே நிறையும் இல்லை. அந்த நிறையைக் கிரெடிட் என்பார்கள். 3 கிரெடிட் பாடத்தில் ஏ, 1 கிரெடிட் பாடத்தில் சி எடுத்தால் சராசரி 3.5. அதுவே மாறி வந்தால் 2.5தான்! இந்தச் சராசரிக்குப் பெயர் ஜி.பி.ஏ.

பல பீடங்களில் 3.7 எடுத்தால் முதலாம் வகுப்பு. 3.3 என்றால் இரண்டாம் வகுப்பு மேல்நிலை, 3.0 என்றால் கீழ்நிலை, 2.0 என்றால் சாதாரண சித்தி. பீடத்துக்குப் பீடம் சிறிது மாறும். மாணவர் கைநூலில் இருக்கும். விரிவுரையாளராக வருவதற்கு வகுப்புச் சித்தி கேட்பார்கள்.

இதை ஏன் சொல்கிறோம்? திருவிழா, சடங்கு என்று "ரெண்டு நாள் வந்துட்டுப் போ" என்கிறோம். விரிவுரைகளுக்கு 80 வீத வரவு இல்லாவிட்டால் பல பீடங்களில் பரீட்சை எழுத விடமாட்டார்கள். தகுந்த காரணம் இல்லாமல் பரீட்சையைத் தவறவிட்டால் அடுத்த முறை எவ்வளவு திறமாக எழுதினாலும் சிக்கு மேல் போடுவதில்லை. முழுநாள் மலையில் நின்றும் அரைப்பேர் விழுவது போலத்தான்!

பரீட்சை நேரம் சுகமில்லை என்றால் வீட்டுக்கு ஓடி வரச் சொல்லாதீர்கள். பல்கலைக்கழக வைத்திய அதிகாரியிடம் உடனே காட்டி, சான்றிதழைத் தவணைக்குள் பீடத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு பாடம் தவறிய பிள்ளையை ஏசவும் வேண்டாம். திரும்ப எழுத வழி உண்டு. பயத்தில் மறைத்தால்தான் படிப்பே நின்றுபோகும்.

இனி நாம் கேட்கும் கேள்வியை மாற்றுவோம். "எந்தப் பாடம் கஷ்டமா இருக்கு? பரீட்சை எப்போ?" அந்தத் தேதியைச் சுவர்க் கலண்டரில் குறித்து வைப்போம். அந்த நாட்களில் பிள்ளையை வீட்டுக்கு அழைக்காமல் இருப்போம்.