விருந்தாளியை மலைக்கு அழைத்துப் போங்கள்



புரட்டாசி முடியும் நேரம். காலாண்டு விடுமுறையும் ஆயுதபூஜையும் சேர்ந்து வருகின்றன. சென்னையிலிருந்து அண்ணன் குடும்பமும் பெங்களூரிலிருந்து தங்கை குடும்பமும் மதுரைக்கு வந்து இறங்கப் போகிறார்கள். முதல் நாள் மீனாட்சியம்மன் கோயில், சாயங்காலம் ஜிகர்தண்டா. மறுநாள் காலையில் ஒரு குரல் கிளம்பும்: "கொடைக்கானல் போவோமா?" வேன் பிடிப்போம். வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் வண்டிகளின் வாலைப் பிடித்து நிற்போம். ஏரியைச் சுற்றுவோம், சாக்லேட் வாங்குவோம், திரும்பும்போது பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். இதற்குப் பெயர் சுற்றுலா!

நான் கேட்பது ஒன்றுதான். நம் வாசலில் இருக்கும் மலைகளை வந்த பிள்ளைகளுக்குக் காட்டினோமா?

கீழக்குயில்குடிக்கு டவுன் பஸ் போகிறது. சமணர்மலை அடிவாரத்தில் அய்யனார் கோயில், ஆலமரம், தாமரைக்குளம். வெயில் ஏறுமுன் பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். அங்கே தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக இருக்கின்றன. அருகில் வட்டெழுத்து. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த உருவங்களைச் செய்வித்தவர்களின் பெயர்கள் அவை. இன்னொரு பக்கம் செட்டிப்புடவு; குகை வாயிலருகே பெரிய தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். முழங்கால் வலிக்கும் அப்பத்தா ஆலமர நிழலில் இருக்கட்டும்; பிள்ளைகள் ஏறட்டும். கூடத்து நாற்காலியில் ஒரு வார்த்தை பேசாத மாப்பிள்ளை, பாதி மலையில் மூச்சு வாங்க உட்கார்ந்தால் கதை கதையாகப் பேசுவார். ஏறிப் பாருங்கள், தெரியும்!

அடுத்த நாள் அரிட்டாபட்டி. குடைவரைச் சிவன் கோயில், அதனருகே லகுலீசர் சிற்பம், தமிழி எழுத்துள்ள குகைத்தளம், பாறை இடுக்குகளில் கூடு கட்டும் ராஜாளிகள். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022-இல் அறிவிக்கப்பட்ட ஊர். இரண்டே ஆண்டில் அந்த வட்டாரத்தை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்தது. மேலூர் பகுதி மக்கள் சும்மா இருந்தார்களா? ஊர் ஊராகத் திரண்டார்கள், மதுரை வரைக்கும் வந்தார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அவர்களுக்கு அந்த மலை வரைபடத்தில் இருக்கும் புள்ளி அல்ல. ஆடு மேய்த்த மலை, சுனை நீர் குடித்த மலை. கால் பட்ட மலைக்குத்தான் ஆள் வருவான் ஐயா! பெங்களூரில் வளரும் நம் பேரன் பேத்தியும் நாளைக்கு இந்த மலைகளுக்காக ஒரு குரல் கொடுக்க வேண்டும் என்றால், இன்றைக்கு அவர்கள் கால் அங்கே பட வேண்டும்.

மழை பெய்தால் பாறை வழுக்கும். அன்றைக்குக் கீழடி அருங்காட்சியகம் போங்கள். 2023-இல் திறந்தது, செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியது. அங்கே தங்கத்தைத் தேடாதீர்கள். ஆட்டக்காய்களையும் சுடுமண் சில்லுகளையும் பகடையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னாலும் வைகைக்கரையில் வேலை முடித்து உட்கார்ந்து விளையாடியிருக்கிறார்கள்!

அதைப் பார்த்துவிட்டு வந்த ராத்திரி, ஆளுக்கொரு செல்போனோடு ஆளுக்கொரு மூலையில் படுப்பது நியாயமா? தரையில் சாக்பீஸால் கட்டம் போடுங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஒரு புலிக்கு எதிரே தனி ஆடு பிழைக்காது. சேர்ந்து நின்றால் புலிக்கு நகர வழியில்லை. மேலூர் சொன்ன பாடமும் அதுதானே! பதினான்கு குழிப் பல்லாங்குழியை அம்மாச்சியிடம் கொடுங்கள். கணக்கில் நூறு வாங்கும் பேத்தியை அவர் சோழி எண்ணாமலே தோற்கடிப்பார். தாயக்கட்டையை உருட்டுங்கள். தாயம் விழாமல் காய் இறங்காது. ஒரு வெட்டாவது வெட்டாமல் பழமாகாது. பங்காளிச் சண்டை இருந்தால் அந்தக் கட்டத்திலேயே வெட்டித் தீர்த்துக்கொள்ளுங்கள், கோர்ட்டுக்கு வேண்டாம்!

நிறைவாக மூன்று வேண்டுகோள்கள். மலைக்குப் போகிறவர்கள் நெகிழிப் பையைக் கீழே கொண்டுவாருங்கள். பாறையில் பெயர் கிறுக்கும் கையைத் தடுங்கள்; கிறுக்குவது நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் முதலில் தடுங்கள். நூலகர் அவர்களே, இந்த விடுமுறைக்குப் புத்தகம் போலவே பல்லாங்குழியும் ஆடுபுலி அட்டையும் இரவல் தர வழி செய்யுங்கள். வாங்கித்தரும் செலவை இந்த வாசகர் வட்டம் ஏற்கும் என்று, செயலாளரைக் கேட்காமலேயே அறிவிக்கிறேன்!