பிரியும் வழியைச் சேர்ந்திருக்கும்போதே எழுதுங்கள்



இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் நாளை வேலை தேடிப் போகப்போவதில்லை. அப்பாவின் கடைக்கோ பெரியப்பாவின் ஆலைக்கோதான் போகப்போகிறீர்கள். திருப்பூர்ப் பின்னலாடை, சிவகாசி அச்சகம், கரூர் ஜவுளி, கோவைப் பம்புசெட் என்று நம் ஊர்த் தொழில்களில் பெரும்பங்கு குடும்பங்களின் கையில்தான் இருக்கிறது. அங்கே போகிறவர்களிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று. தொழிலில் உறவு கெடாமல் இருக்க வேண்டுமானால், பிரிந்து போகும் வழியை எல்லாரும் ஒன்றாக இருக்கும்போதே எழுதி வையுங்கள். நல்ல நாளில் பிரிவைப் பற்றிப் பேசலாமா என்று பெரியவர்களுக்குத் தோன்றலாம். பேசுவதற்கு இதுதான் சரியான நாள். மனஸ்தாபம் வந்தபின் எழுத உட்கார்ந்தால் பேனாவைப் பிடிப்பவர் வக்கீலாகத்தான் இருப்பார்.

வாய்ப்பேச்சு எவ்வளவு தூரம் நிற்கும் என்பதற்கு, சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு குடும்ப வழக்கு சாட்சி. அந்தத் தனியார் நிறுவனத்தில் மொத்தமே 50 பங்குகள். இரண்டு சகோதரர்களின் கிளைகளுக்குத் தலா 25. எவர் விற்றாலும் முதலில் தன் கிளையில் உள்ளவருக்கே விற்க வேண்டும் என்று 1951-இல் வாய்மொழியாகப் பேசி முடித்தார்கள். அடுத்த தலைமுறையில் ஒருவர் தம் பங்குகளை மற்றக் கிளைக்கு விற்றுவிட்டார். நிறுவனத்தின் உள்விதிகளான சங்க விதிகளில் எழுதப்படாத கட்டுப்பாடு செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய குடும்பங்களிலும் இதே கதைதான். தொழிலதிபர் திருபாய் அம்பானி உயில் எழுதாமல் 2002-இல் மறைந்தார். 2005-இல் தாயார் கோகிலாபென் முன்னின்று மகன்களுக்குப் பாகம் பிரித்தார். எரிவாயு விலையில் மகன்களின் நிறுவனங்களுக்கிடையே மீண்டும் மூண்ட தகராறில், குடும்பத்துக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்று 2010-இல் அதே நீதிமன்றம் சொன்னது. தாயின் சொல்லுக்கு வீட்டில் மறுசொல் கிடையாது. கம்பெனிச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை.

ஆனால் எழுதினால் மட்டும் போதாது, எதை எழுதுகிறோம் என்பது முக்கியம். 1900-இல் பர்மாவின் மௌல்மீனில் தொடங்கிய முருகப்பா குழுமத்தைப் பாருங்கள். எம்.வி. முருகப்பன் 2017-இல் காலமானபின், அவருடைய மனைவிக்கும் இரு மகள்களுக்கும் குடும்பத்தின் முதலீட்டு நிறுவனத்தில் எட்டு சதவீதத்துக்குச் சற்றே கூடுதலான பங்கு இருந்தது. நிர்வாகக் குழுவில் இடம் இல்லை. பங்குச்சந்தையில் பட்டியலிடாத நிறுவனம் என்பதால் வெளியே எளிதில் விற்கவும் வழியில்லை. குழுவில் இடம் கொடுங்கள், இல்லையேல் நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்று மூத்த மகள் வள்ளி அருணாசலம் கேட்டார். 2020-இல் பங்குதாரர் கூட்டம் அவரை இயக்குநராக்க மறுத்தது. 2023-இல் சமரசம் ஆனது. யார் பக்கம் நியாயம் என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. குரலும் இல்லாமல் விலையும் இல்லாமல் இருக்கும் பங்கு, வைத்திருப்பவருக்குச் சொத்தே அல்ல என்பதைத்தான் சொல்கிறேன்.

இந்த நிலை இனி வீட்டுக்கு வீடு வரும். இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்பதைத் தமிழ்நாடு 1989-இலேயே சட்டமாக்கியது. 2005-இல் நாடு முழுவதற்கும் அது வந்தது. ஆகவே ஆலையில் கால் வைக்காத பங்குதாரர்கள் பெருகுவார்கள். ஆலையை நடத்தும் தம்பி, “இராப்பகலாக உழைப்பவன் நான்” என்பார். கட்டிக்கொடுத்த அக்காவோ, தம்பி வீட்டுக் காரும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் கம்பெனிக் கணக்கில் ஓடுவதையும், லாபப் பங்கு என்று தனக்கு ஒரு ரூபாய்கூட வராததையும் பார்ப்பார். இருவர் சொல்வதும் உண்மை. உழைப்புக்குக் கூலியும் உடைமைக்கு லாபமும் ஒரே பேரேட்டில் கலந்து கிடப்பதுதான் கோளாறு. வெளியார் ஒருவரை வைத்தால் என்ன சம்பளம் தருவோமோ அதைத் தம்பிக்குக் கொடுங்கள். மிஞ்சும் லாபத்தைப் பங்குப்படி பிரியுங்கள். ஆண்டுதோறும் வெளி ஆடிட்டரைக் கொண்டு பங்கின் மதிப்பைக் கணக்கிட்டு எல்லாருக்கும் தெரிவியுங்கள். போக விரும்புகிறவருக்கு அந்த விலையை எத்தனை தவணையில் கொடுப்பது என்பதையும் சங்க விதிகளில் சேர்த்துவிடுங்கள்.

இப்படி எழுதுவதே அவநம்பிக்கை என்பார்கள் சிலர். நகரத்தார் மரபில் ‘வேறு வைத்தல்’ உண்டு. திருமணமான மகனுக்கு அதே வீட்டு வளவில் தனிச் சமையலும் தனிக் கணக்கும் வைத்துக் கொடுப்பார்கள். அங்கே அன்பு குறைந்தது என்று எவரும் சொன்னதில்லை. கதவு திறந்திருந்தால் ஆளாளுக்கு வெளியேறுவார்கள், முதல் சிதறும் என்பது இன்னும் கனமான ஆட்சேபம். நீண்ட தவணையும், குடும்பத்தாருக்கே முதல் உரிமை என்ற விதியும் அந்தச் சேதத்தைப் பெருமளவு தடுக்கும். ஒரே கட்டடம், நாலு இயந்திரம் என்று இருக்கும் சிறு தொழிலில் அதுவும் போதாமல் போகலாம், உண்மைதான். விற்றுப் பிரிவதே அங்கே நேர்மையான முடிவாக இருக்கக்கூடும். ஆனால் போக முடியாததால் மட்டும் இருக்கிற பங்காளி, முதலுக்கு எந்த வகையிலும் பலம் அல்ல. எழுதிப் பிரிந்தவர்களும் உண்டு. 1911-இல் மதுரையில் வேர்விட்ட டி.வி.எஸ். குடும்பத்தின் கிளைகள் வெவ்வேறு நிறுவனங்களை நடத்தின. மேலே உடைமை மட்டும் பின்னிக் கிடந்தது. 2020 டிசம்பரில் உடன்படிக்கை செய்து, கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடு, நடத்துகிறவரிடமே உடைமையும் சேரும்படி பிரித்துக்கொண்டார்கள். 1897-இல் தொடங்கிய கோத்ரெஜ் குடும்பமும் 2024-இல் உடன்படிக்கை வழியாகவே பிரிந்தது. இரு தரப்பும் அந்தப் பெயரை இன்றும் வைத்திருக்கின்றன.

வீட்டுக்குப் போனதும் புது இயந்திரம், புது மென்பொருள் என்று தொடங்காதீர்கள். ஆலைக்கு வராத அத்தையின் பங்குக்கு இன்று என்ன மதிப்பு, அவர் கேட்டால் எத்தனை ஆண்டில் கொடுப்போம் என்று முதலில் கேளுங்கள். பதில் இல்லையென்றால், இந்த நிதியாண்டு முடிவதற்குள் அத்தையையும் உட்கார வைத்து அதை எழுதி முடியுங்கள்.