ஈர்ப்பலையும் இரைச்சலும்

தில்லியில் மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் 2600 கோடி ரூபாய்த் திட்டமொன்றுக்கு இசைவளித்தது. மராட்டியத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையவிருக்கும் லைகோ-இந்தியா எனும் ஈர்ப்பலைக் கருவியே அது. 4 கிலோமீட்டர் நீளமுள்ள கைகள் இரண்டு; அந்நீளம் புரோட்டான் விட்டத்தில் ஆயிரத்திலொரு பங்கு மாறினும் லேசர் ஒளி அதனை உணர்தல் வேண்டும். தில்லித் தெருவில் பேருந்து சென்றாலே ஜன்னல் நடுங்குகிறதன்றோ? ஆதலின் 40 கிலோ ஆடிகளை நான்கடுக்கு ஊசலில் தொங்கவிடுகின்றனர்.

ஆயினும் நொடிக்கு 10 அதிர்வுக்குக் கீழே ஊசலும் கைகொடாது. நிலம் அசையுங்கால் அதன் ஈர்ப்பே மாறி ஆடியை இழுக்கும். அதைத் தடுக்கும் சுவர் உலகில் இல்லை.

அணுக்கள் துணைக்கு வருவது இங்கேதான். கடுங்குளிரூட்டிய அணுத்திரள் வெற்றிடத்தில் எதையும் தொடாது விழுகிறது. தரையின் நடுக்கம் அதனை நேரே எட்டாது. தொலைவிலுள்ள இரு திரள்களை ஒரே லேசர் கற்றை தீண்டும். லேசரின் தடுமாற்றம் இரண்டுக்கும் பொதுவாதலின், ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க, அது பெரும்பாலும் மறைகிறது. இக்கழித்தலே இக்கலையின் உயிர் என்பேன். நிலத்தின் இழுப்பை அணுக்களும் உணரும் என்பது மெய்யே. ஆனால் பல திரள்களை வரிசையாக நிறுத்தினால் அலை வேறு, இழுப்பு வேறு எனப் பிரித்தறிய இயலும். அமெரிக்காவின் பெர்மி ஆய்வுக்கூடத்தில் 100 மீட்டர் ஆழக் குழியில் இம்முறையைச் சோதிக்க முனைந்துள்ளனர்.