அப்பாவிடம் கேட்காத மன்னிப்பு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நாடகம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரே ஒரு நாடகத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பெயர் 'அலீஜியன்ஸ்'. தமிழில் விசுவாசம் என்று சொல்லலாம். அஜித் படம் இல்லை, தம்பிகளா!

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பிப்ரவரி 19இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அதன்படி சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். விசாரணையும் கிடையாது, குற்றச்சாட்டும் கிடையாது. 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் நடித்த ஜார்ஜ் டகேய் அப்போது சின்னப் பிள்ளை. அவர் குடும்பத்தை முதலில் குதிரைப் பந்தய மைதானத்து லாயத்தில் வைத்தார்கள். பிறகு ஆர்க்கன்சா முகாம்.

1943இல் முகாமில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 27ஆம் கேள்வி: ராணுவத்தில் சேர்ந்து போரிடத் தயாரா? 28ஆம் கேள்வி: அமெரிக்காவுக்கு விசுவாசம் கூறி, ஜப்பானியப் பேரரசரிடம் உள்ள பற்றைக் கைவிடுகிறாயா? இந்த இரண்டாவது கேள்வியைக் கொஞ்சம் கவனியுங்கள். கலிபோர்னியாவில் பிறந்த பையன் 'ஆம்' என்றால், அதுவரை பேரரசர் மீது பற்று இருந்தது என்று ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். அவன் அப்பாவுக்கோ அமெரிக்கச் சட்டம் குடியுரிமையே தரவில்லை. அவர் 'ஆம்' என்றால் எந்த நாட்டையும் சேராதவர் ஆகிவிடுவார். என்ன எழுதுவது, சொல்லுங்கள்! டகேயின் பெற்றோர் இரண்டுக்கும் 'இல்லை' என்று எழுதினார்கள். குடும்பத்தையே டூலி லேக் என்ற கடுமையான முகாமுக்கு மாற்றிவிட்டார்கள்.

வளர்ந்து வாலிபனான டகேய் அப்பாவிடம் சண்டை போட்டார். ஆட்டு மந்தை மாதிரி எங்களைக் கூட்டிக்கொண்டு போனீர்களே என்று கேட்டுவிட்டார். அப்பா பதிலுக்குக் கத்தவில்லை. நீ சொல்வது சரியாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் 1979இல் காலமானார். மகன் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

2008இல் நியூயார்க்கில் ஒரு நாடகம் பார்க்கப் போனார் டகேய். குடும்பத்துக்கு எதுவும் செய்ய முடியவில்லையே என்று ஒரு தகப்பன் பாடும் கட்டத்தில் அழுதுவிட்டார். அரங்கில் இருந்த ஜே குவோ, லொரென்சோ தியோன் என்ற இருவர் ஏன் அழுதீர்கள் என்று கேட்க, முகாம் கதை முழுவதும் வெளியே வந்தது. அதுதான் நாடகத்துக்கு விதை. 2012இல் சான் டியேகோவில் அரங்கேறி, 2015இல் பிராட்வேக்கு வந்தது.

நாடகத்தில் சாம் என்ற மகன் ராணுவத்தில் சேருகிறான். அப்பா 'இல்லை' என்று எழுதிச் சிறைப்படுகிறார். அக்காவின் மனத்துக்குப் பிடித்தவனோ கட்டாய ராணுவச் சேவையை எதிர்ப்பவன். முள்வேலிக்குள் வைத்துக்கொண்டு போருக்கு வா என்றால் எப்படி என்பது அவன் வாதம். நிஜத்திலும் ஹார்ட் மவுண்டன் முகாமில் அப்படி மறுத்த 63 பேருக்கு 1944இல் ஒரே வழக்கில் சிறைத் தண்டனை கிடைத்தது. போர் முடிந்த பிறகும் இந்த வீட்டில் சமாதானம் இல்லை. ஏறக்குறைய அறுபது ஆண்டு சாம் யாரோடும் பேசுவதில்லை. அக்காவின் சாவுச் செய்தி வந்த பிறகுதான் பழசெல்லாம் மேடையில் விரிகிறது. உண்மையில் வாய்க்காத சமாதானத்தைக் கடைசியில் நாடகம் தந்துவிடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. முகாமில் காவலர்கள் நடந்துகொண்ட விதத்தை மிகைப்படுத்திவிட்டார்கள் என்று ஜப்பானிய அமெரிக்கர்களிலேயே சிலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயம் என்றுதான் எனக்கும் படுகிறது. அந்தப் படிவம் ஒன்றே போதுமே, தனியாக வில்லன் எதற்கு?

1988இல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுக்க முடிவுசெய்தது. டகேயின் அப்பா அதற்கு ஒன்பது வருஷம் முன்பே போய்விட்டார். 2023இல் லண்டன் மேடையில், 85 வயதில், முதிய சாமாக டகேயே நடித்தார்.