கழுத்தில் தொங்கிய எண்



கடுகண்ணாவைக் கணவாயில் கொழும்பு–கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசனுக்கு 1832இல் எழுப்பிய ஞாபக கோபுரம் நிற்கிறது. வெள்ளைக்காரர் பெயரைக் கல்லிலே தேடலாம். அவ்வழியே மலையேறிய எம்மவர் பெயரை எங்கே தேடுவது?

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு தகரத் தகடு கிடைத்தது. கங்காணி திரட்டிய ஆட்கள் கழுத்தில் கட்டிவந்த 'டின் டிக்கட்' அது. தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண், பெயர் கிடையாது. அந்த எண்ணோடு கடுகண்ணாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பழைய ஏட்டைப் புரட்டினேன். பூட்டனார் பெயரும், எதிரே 'முசிறி தாலுகா' என்றும் இருந்தன. தொல்காப்பிய உரைகளைப் புரட்டியபோதுகூட என் கை அப்படி நடுங்கியதில்லை!

ஆனால் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இங்கே பிறந்த என் பாட்டனாரிடம் கேட்டது வேறு: தந்தை இலங்கையிற் பிறந்தாரா? இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்களா? நான் கொண்டாடிய அந்த ஏடு அன்று அகப்பட்டிருந்தால் அவருக்கு எதிர்ச்சாட்சியாகவே நின்றிருக்கும். நாடற்றவராகவே கண்ணை மூடினார். எஞ்சியோருக்கு வழிவிட்ட சட்டம் வந்தது 2003இல்!

அவருடைய தம்பி 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறியவர். அவர் பேரன் கோத்தகிரியில், அங்கும் தேயிலைத் தோட்டத்தில்தான். ஏட்டின் படத்தை அனுப்பினேன்.

"முசிறி எந்தப் பக்கம், அண்ணே?" என்று கேட்டார்.