ஒவ்வொரு பாத்தியாக

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

விடாமுயற்சி பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு. எனக்குத் தெரிந்தது மரக்காணம் உப்பளம். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உவர்நீரை இறைத்தவுடன் உப்பு விளைந்துவிடாது. முதலில் பெரிய பாத்தியில் தேக்கி வெயிலில் காயவிட வேண்டும். பிறகு அடுத்த பாத்தி, அதற்கடுத்த பாத்தி. கடல் நீர் போமே அளவில் சுமார் 3 டிகிரிதான். அது காய்ந்து காய்ந்து 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். நடுவில் ஒரு பாத்தியைத் தாண்டிப் போக வழியில்லை.

என் பெற்றோர் அங்கே கூலி வேலை செய்தவர்கள். நீர் இறைக்க ஒரு டீசல் என்ஜின் இருந்தது. அது நின்றுவிட்டால் வேலையும் நின்றுவிடும். சைக்கிளில் ஒரு மெக்கானிக் அண்ணன் வருவார். முதலாளி முதல் கூலியாள் வரை சுற்றி நின்று அவர் கையையே பார்ப்பார்கள். என்ஜின் மறுபடி படபடவென்று ஓடினால் எல்லார் முகத்திலும் சிரிப்பு. எட்டு வயதில் அதைப் பார்த்து, "நானும் இன்ஜினியர் ஆவேன்" என்றேன். மெக்கானிக் வேறு, இன்ஜினியர் வேறு என்பது புரியவே எனக்குச் சில வருடங்கள் ஆயின!

பத்தாம் வகுப்பு, பாலிடெக்னிக் டிப்ளமா, பிறகு இந்தக் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டு. "டிப்ளமா பசங்களுக்குக் கணக்கு வராது" என்பார்கள். என் விஷயத்தில் அது மெய்யாகிவிட்டது. முதல் செமஸ்டரிலேயே கணிதத்தில் அரியர். ஊருக்கே திரும்பிவிடலாமா என்று ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன்.

இன்று அப்படி யோசிக்கும் மாணவனுக்குச் சொல்ல எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். விழுப்புரம் வீரமுத்துவேல். தந்தை ரயில்வேயில் டெக்னீஷியன். மகன் படித்தது ரயில்வே பள்ளியில். தான் சுமாராகப் படித்த மாணவன்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். விழுப்புரத்தில் மெக்கானிக்கல் டிப்ளமா, சென்னையில் பி.இ., திருச்சி என்.ஐ.டி.யில் எம்.இ., பெங்களூரில் எச்.ஏ.எல். வேலை, பிறகு இஸ்ரோ, சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் என்று ஒவ்வொரு பாத்தியாகக் கடந்து வந்தவர்.

2019 செப்டம்பர் 7 அதிகாலை, சந்திரயான்-2 லேண்டர் நிலவில் மோதிச் சிதைந்தது. அடுத்த முயற்சியான சந்திரயான்-3க்குத் திட்ட இயக்குநர் இவர். எது எது தவறலாம் என்று பட்டியல் போட்டு, அதற்கேற்ப வடிவமைத்தார்கள். கால்களைப் பலப்படுத்தினார்கள். அரை கிலோமீட்டர் சதுரமாக இருந்த இறங்கு பரப்பை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு லேண்டர் பத்திரமாக இறங்கியது. அரியர் எழுதும் தம்பிகள் கவனிக்க வேண்டியது, அந்த நான்கு வருட வேலையை.

ஆனால் நண்பர்களே, முயற்சி இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு உட்கார என் மனம் ஒப்பவில்லை. என் அக்கா என்னைவிட நன்றாகப் படிப்பாள். அவள் பத்தாவது முடித்த வருடம் அப்பாவுக்குக் கண் மங்கத் தொடங்கியது. உப்பின் வெள்ளை வெயிலில் வருடக்கணக்காக நின்ற கண். அக்கா பள்ளியை விட்டு உப்புக் கூடையைத் தூக்கினாள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. உப்பளத்தில் வேலை இருக்காது. தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டியதோ சரியாக அந்த நேரத்தில். அக்கா அடுத்த சீசன் கூலியில் முன்பணம் வாங்கி வந்து, "இந்தாடா, போய்க் கட்டு. மார்க்கு குறைஞ்சா உதைப்பேன்" என்பாள். அவளுக்கு முயற்சி குறைவா? அவளுக்காகக் கட்டணம் கட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான். கோவையில் பம்ப் வடிவமைக்கும் பொறியாளனாக நான் இன்று இருப்பது அவள் வாங்கிய கடனில்.

இன்று நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. உப்பளத் தொழிலாளருக்கு மழைக்கால உதவியாக அரசு 5,000 ரூபாய் தருகிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆனாலும் 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மரக்காணம் உப்பளங்கள் தண்ணீரில் மூழ்கின. அந்த மாதிரி வருடத்தில் கட்டணத் தேதி மட்டும் தள்ளிப் போகாது.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். மழை மாதங்களில் வருமானம் நின்றுபோகும் குடும்பத்துப் பிள்ளைகளின் தேர்வுக் கட்டணத்தைக் கட்ட ஒரு சிறு நிதி தொடங்குவோம். பெண் பிள்ளைகளுக்கு முதலிடம் தருவோம். 2023இல் தமிழக அரசு பரிசாகத் தந்த 25 லட்சம் ரூபாயை வீரமுத்துவேல் தான் படித்த கல்வி நிலையங்களுக்கே கொடுத்துவிட்டார். அவ்வளவு நம்மால் முடியாது. என் ஒரு மாதச் சம்பளத்தைச் செயலாளரிடம் இன்று கொடுத்திருக்கிறேன். ரசீது என் பெயரில் வேண்டாம், அக்கா பெயரில் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.